புனிதர்கள் கதை சொல்லும் கலர் கண்ணாடி ஜன்னலை வாசிக்கிறது எப்படி: சார்த்ரே கதீட்ரலை வச்சு ஒரு முழு வழிகாட்டி

பாரிஸ் வர்ற சொந்தக்காரங்க, பிரண்ட்ஸ்னு நிறைய பேரை, அங்கிருந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற சார்த்ரே ஊரோட கதீட்ரலுக்கு (பெரிய கிறிஸ்தவக் கோயில்) கூட்டிட்டுப் போயிருக்கேன். எல்லாரும் ஒரே இடத்துலதான் தடுக்கி விழறாங்க. உள்ள நுழைஞ்சதும் அந்த நீலத்தைப் பாத்து அசந்து நிப்பாங்க, நாலு போட்டோ எடுப்பாங்க, அப்புறம் "இதுல என்ன கதை இருக்கு, ஒண்ணும் புரியலையே"ன்னு வெளியே காபி குடிக்க போயிடுவாங்க. கதை புரியாததுக்கு காரணம் பைபிள் தெரியாததோ பிரெஞ்சு தெரியாததோ இல்ல, பாக்கிற வரிசை தப்பு. எதை முதல்ல பாக்கணும், எதைக் கடைசியில பாக்கணும்ங்கிறதுதான் கீழ இருக்கிறது முழுசும்.

பழகுறதுக்கு ஒரே ஜன்னலை எடுத்துக்கலாம். சார்த்ரேல இருக்கிற புனித எஸ்தாக்கியார் ஜன்னல், 1200களோட ஆரம்பத்துல செஞ்சது. கதை விறுவிறுப்பா இருக்கும், ஆரம்பமும் முடிவும் தெளிவா இருக்கும், அதனால புதுசா வர்றவங்களுக்கு நான் எப்பவும் இதைத்தான் காட்டுவேன்.

1. போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கதையைப் படிங்க

சார்த்ரேல 150க்கு மேல கலர் ஜன்னல் இருக்கு. ஒரே நாள்ல எல்லாத்தையும் பாக்கலாம்னு போனீங்கன்னா ஒண்ணு கூட மனசுல நிக்காது. ஒரு புனிதர், ஒரு ஜன்னல், அவ்வளவுதான் முதல் நாளுக்கு.

கதையை முதல்லயே படிச்சிட்டு போகணும்னு ஏன் சொல்றேன்னா, இந்த ஜன்னல்கள் தெரியாதவங்களுக்கு கதை சொல்லிக் கொடுக்கிற மாதிரி செஞ்சது இல்ல, ஏற்கனவே கோயில்ல கேட்டு கேட்டு பழகினவங்களுக்கு ஞாபகப்படுத்துற மாதிரி செஞ்சது. ஜன்னல்ல ஒவ்வொரு காட்சியும் ஒரு கட்டம், அதுல பேர் எழுதியிருக்கிற கட்டங்கள் ரொம்ப கம்மி, இருந்தாலும் லத்தீன்ல இருக்கும், கீழ இருந்து படிக்க முடியாது.

எஸ்தாக்கியார் கதை சுருக்கமா இதுதான். ரோம் மன்னர் டிராஜன்கிட்ட பிளாசிடாஸ்னு ஒரு தளபதி. வேட்டைக்குப் போறப்ப ஒரு மான் திரும்பி நிக்குது, கொம்புக்கு நடுவுல சிலுவை தெரியுது, மான் பேசுது. அவரு மனைவி, ரெண்டு பசங்களோட ஞானஸ்நானம் வாங்கி எஸ்தாக்கியார் ஆகுறார். அதுக்கப்புறம் அடிமேல அடி. வேலைக்காரங்க நோயில சாகுறாங்க, சொத்தெல்லாம் திருட்டுப் போகுது, குடும்பத்தோட எகிப்துக்கு கப்பல் ஏறுறாங்க, கூலி கொடுக்க காசு இல்லன்னு கப்பல்காரன் மனைவியைப் பிடிச்சு வச்சுக்கிறான். ஒரு ஆத்தைக் கடக்கிறப்ப ஒரு பையனை அக்கரையில விட்டுட்டு இன்னொருத்தனைத் தூக்கிட்டு வர திரும்புறார், நடு ஆத்துல நிக்கிறப்ப ஒருத்தனை சிங்கம் தூக்கிட்டுப் போகுது, இன்னொருத்தனை ஓநாய். மேய்க்கிறவங்களும் உழவுக்காரங்களும் பசங்களைக் காப்பாத்திடுறாங்க, அது அவருக்குத் தெரியாது. 15 வருஷம் ஒரு கிராமத்துல வயல் காவல் காக்கிறார். தேடி வந்த ரெண்டு சிப்பாய்ங்க தழும்பை வச்சு அவரை அடையாளம் கண்டுபிடிக்கிறாங்க, பிரிஞ்ச குடும்பம் ஒண்ணு சேருது. புது மன்னர் ஹாட்ரியன் சிலைக்கு பலி கொடுக்கச் சொல்றப்ப மறுக்கிறாங்க, சிங்கத்துகிட்ட விட்டா அது தொடல, கடைசியில நெருப்புல காய்ச்சின வெண்கலக் காளைக்குள்ள போட்டு கொல்றாங்க.

இதை மனசுல வரிசையா சொல்லிப் பாத்துக்கங்க. மான், ஞானஸ்நானம், கப்பல், ஆறு, சேர்றது, காளை. இந்த ஆறு ஆணி அடிச்சுட்டா மீதி கட்டங்கள் தானா நடுவுல வந்து தொங்கும்.

2. கையில என்ன வேணும், எந்த நேரம் போகணும்

பைனாகுலர் கண்டிப்பா வேணும். 8 மடங்கு போதும். 12, 16னு பெருசா வாங்கிட்டு வந்தவங்க கை நடுக்கத்துல ஒண்ணும் தெரியாம முழிக்கிறதை பாத்திருக்கேன். உள்ள இருட்டு வேற, அதனால லென்ஸ் கொஞ்சம் பெருசா இருந்தா நல்லது. ஒரு பென்சில், ரெண்டு மூணு பேப்பர். போனோட ஜூம் பைனாகுலருக்கு பதிலாகாது, படம் எடுக்க மட்டும்தான் அது.

வெயில் நல்லா அடிக்கிற நாள்தான் பெஸ்ட்னு எல்லாரும் நினைக்கிறாங்க, அது கதை வாசிக்க சரியா வராது. நேர் வெயில் கண்ணாடியில படுறப்ப நீலம் பரவி பக்கத்துல இருக்கிற முகம், கை எல்லாத்தையும் முழுங்கிடும், தரையில கலர் விழுறது அழகா இருக்கும், கட்டத்துக்குள்ள கோடு தெரியாது. மெல்லிசா மேகம் மூடின நாள், இல்லன்னா அந்தப் பக்கம் வெயில் படாத நேரம் போங்க. எஸ்தாக்கியார் ஜன்னல் வடக்குப் பக்கம் இருக்கு, அதனால காலையில போனா வெயில் தொல்லை இல்ல. இந்தக் கோயில் சரியா கிழக்கு பாத்து கட்டினது இல்ல, வடகிழக்கா திரும்பியிருக்கும், அதனால "வடக்கு" பக்கத்துல சாயங்காலம் வெயில் வந்து அடிக்கும், அதை மறந்துடாதீங்க.

உள்ள போனதும் உடனே ஜன்னலைப் பாக்காதீங்க. பத்து நிமிஷம் சும்மா உக்காருங்க, கண்ணு இருட்டுக்குப் பழகினதுக்கு அப்புறம்தான் கரும்பச்சையும் ஊதாவும் தனித்தனியா பிரியும்.

3. சரியான ஜன்னலைப் பிடிங்க

பெரிய கதீட்ரல்ல ஜன்னல் ரெண்டு அடுக்கு இருக்கும். மேல் அடுக்குல ஒத்தை ஆளா பெருசா நிக்கிற புனிதர்கள், கீழ் அடுக்குல குட்டி குட்டி கட்டமா கதை. உயரத்துல சின்னக் கட்டம் வச்சா யாருக்கும் தெரியாதுன்னுதான் அப்படிப் பிரிச்சிருக்காங்க. அதனால கதை தேடுறவங்க மேல அண்ணாந்து கழுத்தை உடைச்சுக்க வேண்டாம்.

பிரான்ஸ்ல ஜன்னலுக்கு நம்பர் போடுற முறை ஒண்ணு இருக்கு. பீடத்துக்குப் பின்னாடி நட்ட நடு ஜன்னல் 0, அதுல இருந்து வடக்குப் பக்கம் எல்லாம் ஒற்றைப்படை 1, 3, 5, தெற்குப் பக்கம் இரட்டைப்படை 2, 4, 6. மேல் அடுக்கு 100ல இருந்து ஆரம்பிக்கும். எஸ்தாக்கியார் 43, ஒற்றைப்படை, அப்போ வடக்கு. மேற்கு வாசல் வழியா உள்ள வந்தா இடது கைப் பக்கம், முதல்ல நோவா 47, அடுத்து புனித லூபின் 45, மூணாவதா நம்ம ஆள்.

ஜன்னலுக்கு நேர் கீழ போய் நிக்காதீங்க, மேல் கட்டமெல்லாம் சப்பையா தெரியும். நடு மண்டபத்தோட அந்தப் பக்கம், நாற்காலி வரிசைக்கு ஓரமா நின்னா சாய்வு கம்மியாகும்.

4. கலரைப் பாக்காதீங்க, முதல்ல இரும்பைப் பாருங்க

மொத்த வழிகாட்டியில ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்க முடியும்னா இதை வச்சுக்கங்க.

ஜன்னல்ல ரெண்டு வகை கறுப்புக் கோடு இருக்கு. மெல்லிசா வளைஞ்சு வளைஞ்சு ஆளு, துணி, மரத்தைச் சுத்தி போறது ஈயப்பட்டை, கண்ணாடித் துண்டுகளை ஒட்ட வச்சுப் பிடிக்கிறது அது. தடிமனா நேரா இல்லன்னா பெரிய வட்டமா போறது இரும்பு. காத்து அழுத்தத்தையும் கண்ணாடி எடையையும் தாங்குறது இரும்புதான். கண்ணாடியைத் தனித்தனி பேனலா செஞ்சு இந்த இரும்புல மாட்டியிருக்காங்க. அப்போ இரும்பைப் படிச்சா எது தனிக் கட்டம், எது எதோட சேர்ந்ததுன்னு தெரிஞ்சுடும்.

மேற்கு முகப்புல இருக்கிற மூணு பழைய ஜன்னல், 1150 வாக்குல செஞ்சது, 1194 தீயில தப்பினது, அதுல இரும்பு வெறும் நேர்க்கோட்டுச் சட்டம். 50, 60 வருஷம் கழிச்சு செஞ்ச ஜன்னல்கள்ல கொல்லர்கள் இரும்பையே வட்டம், சாய்சதுரம், பூ இதழ்னு வளைச்சுட்டாங்க. எஸ்தாக்கியார் ஜன்னல்ல பெரிய சாய்சதுரங்களும் சுத்தி வட்டங்களும் வரும். பேப்பர் எடுத்து இரும்பை மட்டும் வரைங்க. ஆளு, குதிரை எதுவும் வேண்டாம், வெறும் வடிவம். கோணலா வந்தாலும் பரவாயில்ல. ஒவ்வொரு வடிவத்துக்கும் கீழ இருந்து நம்பர் போடுங்க.

இதைச் செய்யச் சொன்னா பாதி பேர் சிரிப்பாங்க, "நான் என்ன இன்ஜினியரா"ன்னு. ஆனா வரையாம நேரா கலருக்குப் போனவங்க ஒரு கட்டத்துல பாதியையும் அடுத்த கட்டத்துல பாதியையும் சேர்த்து இல்லாத கதை ஒண்ணு சொல்லுவாங்க. ஓரத்துல இலை, பூ டிசைன் ஓடும், அதை இப்பவே மனசுல இருந்து கழிச்சுடுங்க, அதுல கதை இல்ல.

5. கடைக்காரங்களைத் தனியா ஒதுக்குங்க

அடி வரிசையில செருப்பு தைக்கிறவர், மரம் செதுக்குறவர், கம்பளி விக்கிறவர் எல்லாம் இருப்பாங்க. புதுசா வர்றவங்க இவங்களையும் புனிதர் கதையில சேர்த்துடுவாங்க. இவங்க அந்த ஊர்த் தொழில்காரங்க. ஜன்னலுக்கு இவங்களே காசு கொடுத்தாங்களா, இல்ல கோயில் நிர்வாகமே இவங்களை வரைய வச்சதாங்கிறதுல ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள இன்னும் ஒத்த கருத்து இல்ல. நமக்கு இப்போதைக்கு அது முக்கியமும் இல்ல, கதைக்கு வெளிய இருக்கிற ஆளுங்கன்னு தெரிஞ்சா போதும்.

மோசமான குழப்பம் நோவா ஜன்னல்லதான். அடியில தச்சர், சக்கரம் செய்றவர், பீப்பாய் செய்றவர் இருக்காங்க, கொஞ்சம் மேல நோவா பேழை செய்றார். ரெண்டு இடத்துலயும் மரம், கோடாலி. தலையைச் சுத்தி ஒளிவட்டம் இருக்கான்னு பாருங்க, இருந்தா அது நோவா, தச்சருக்கு இருக்காது. பக்கத்துல லூபின் ஜன்னல்ல இன்னும் தந்திரம், திராட்சை ரசம் விக்கிறவங்க அடி வரிசையோட நிக்காம மேலயும் ஏறிப் போயிருக்காங்க. லூபின் கதையிலேயே அவரு மடத்துல சரக்கு அறை பாத்துக்கிறவரா இருந்தவர், அதனால கதையும் கடையும் ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கும்.

எந்த ஜன்னலா இருந்தாலும் அடி வரிசையை சந்தேகத்தோட பாருங்க. ஒளிவட்டம் இல்லாம கையில பொருளோ கருவியோ மட்டும் வச்சிருந்தா பேப்பர்ல "கடை"ன்னு குறிச்சுட்டு மேல நகருங்க.

6. ரெண்டு முனையைப் பிடிச்சுட்டு திசையை முடிவு பண்ணுங்க

இப்போதான் பைனாகுலரை எடுக்கணும். கதை எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, இதை மட்டும் தேடுங்க. நாய், குதிரை, கொம்பு ஊதுற ஆளு எல்லாம் கீழ இருக்கும், அது வேட்டை. நெருப்புக்கு மேல காளை மேல உச்சிப் பக்கம் இருக்கும், அது முடிவு. அப்போ கதை கீழ இருந்து மேல போகுது. சார்த்ரேல பெரும்பாலான ஜன்னல் இப்படித்தான். பூமியில ஆரம்பிச்சு வானத்துல முடியுதுன்னு இதுக்கு விளக்கம் சொல்லுவாங்க.

நம்ம கண்ணு மேல இருந்து கீழ படிச்சே பழகினது, அதனால தெரிஞ்சவங்க கூட திரும்பத் திரும்ப உச்சியில இருந்து ஆரம்பிச்சு முதல் காட்சியிலேயே புனிதரைக் கொன்னுடுறாங்க!

ஆனா இதை விதியா எடுத்துக்கிட்டு வேற ஊருக்குப் போகாதீங்க. பிரான்ஸ்லயே பூர்ஜ் ஊர் கதீட்ரல்ல, பைபிள்ல வர்ற நல்ல சமாரியன் கதை ஜன்னல் மேல இருந்து கீழ வருது. இங்கிலாந்துல கார்ன்வால் பக்கம் செயிண்ட் நியாட்னு ஒரு கிராமக் கோயில், அங்க 1500களோட ஆரம்பத்துல செஞ்ச புனித நியாட் ஜன்னல்ல 12 காட்சி, புத்தகம் மாதிரி மேல இடது மூலையில ஆரம்பிக்கும். அதனாலதான் ரெண்டு முனையைப் பிடிங்கன்னு சொல்றேன், திசையை ஊகிக்காதீங்க. ஒரே வரிசையில இடமா வலமாங்கிறதும் இதே கதைதான், முக்கால்வாசி இடமிருந்து வலம், ஆனா சில இடத்துல நடுக் கட்டத்தை முதல்லயும் ஓரத்தை அப்புறமும் படிக்கணும்.

7. ஒவ்வொரு கட்டமா வாசிங்க

ஒரு கட்டத்துக்குள்ள நாலு கேள்வி போதும். எங்க நடக்குது, யாரு பெரியவர், யாரு கை என்ன பண்ணுது, பார்வை எந்தப் பக்கம்.

இடம் கண்டுபிடிக்கிறது ஈஸி. ஒரு மரம் இருந்தா வெளிய, காடு. ஒரு வளைவோ கோபுரமோ இருந்தா வீடு, ஊர், அரண்மனை. அலை அலையா கோடு அடுக்கியிருந்தா ஆறோ கடலோ. சின்னக் கட்டத்துல இதுக்கு மேல இடம் கிடையாது, அதனால நகரத்தையே ஒத்தை வாசலா சுருக்கிட்டாங்க.

கைதான் வசனம். ஒரு விரல் நீட்டினா பேசுறார் இல்ல உத்தரவு போடுறார். உள்ளங்கை திறந்து காட்டினா ஏத்துக்கிறார் இல்ல அதிர்ச்சி ஆகுறார். கன்னத்துல கை வச்சா துக்கம், படுத்துக்கிட்டு வச்சா கனவு. ராஜா சிம்மாசனத்துல கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தா பெரும்பாலும் கெட்ட உத்தரவு வரப்போகுதுன்னு அர்த்தம். மேகத்துல இருந்து ஒரு கை மட்டும் நீண்டா அது கடவுள். சாகிறவர் பக்கத்துல குட்டியா ஒரு உருவத்தை வானதூதர் துணியில ஏந்திட்டுப் போனா அது ஆன்மா, குழந்தை இல்ல. இதைப் பாத்துட்டு "பிரசவம்"னு சொன்னவங்க உண்டு.

ஆத்துக் கட்டத்துல நின்னு பாருங்க. எஸ்தாக்கியார் நடு ஆத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறார், ரெண்டு கரையிலயும் ரெண்டு மிருகம், வாயில பிள்ளைங்க. கதையில ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா நடக்கிறதை ஒரே சட்டத்துல வச்சு, எந்தப் பக்கமும் ஓட முடியாதபடி அவரை நடுவுல நிறுத்தியிருக்காங்க. எழுத்துல ஒரு பக்கம் ஆகுற விஷயம், பாக்கிறவங்களுக்கு ஒரே பார்வை. மொத்த ஜன்னல்லயும் எனக்குப் பிடிச்சது இதுதான், மானை விட.

துணிக் கலரை வச்சு ஆளைப் பிடிக்கலாம், ஆனா முழுசா நம்பாதீங்க. பக்கத்துக் கட்டத்துல நீலம் அதிகமா இருந்தா இங்க பச்சைக்கு மாத்திடுவாங்க. முகத்துக்குக் குறுக்கா கறுப்புக் கோடு போனா அது பிற்காலத்துல உடைஞ்ச கண்ணாடியை ஒட்ட வச்ச ஈயமா இருக்கலாம். எஸ்தாக்கியார் கதையில தழும்பு வேற வருதா, அந்தக் கோட்டைப் பாத்ததும் "இதுதான் தழும்பு"ன்னு குதிக்கிறவங்க இருக்காங்க, அவசரப்படாதீங்க. ஓவியர் தீட்டின கோடு மெல்லிசா பழுப்பா இருக்கும், ஈயம் தடிமனா கறுப்பா இருக்கும்.

ஒரு கட்டம் புரியலைன்னா கேள்விக்குறி போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. ரெண்டு பக்கமும் தெரிஞ்சா நடுவுல இருக்கிறது தானா அவிழும். அங்கேயே நின்னா கழுத்துதான் வலிக்கும்.

8. கதையும் கண்ணாடியும் ஒத்துப்போகலைன்னா

கண்டிப்பா ஒத்துப்போகாது. நாம பொதுவா படிக்கிற புனிதர் கதைத் தொகுப்பு, யாக்கோபுஸ் தெ வொராஜினே எழுதின பொற்கதைகள், 1260 வாக்குல வந்தது. சார்த்ரே ஜன்னல்கள்ல பெரும்பாலானது 1205ல இருந்து 1235க்குள்ள முடிஞ்சுடுச்சு. கண்ணாடிக்காரர் அந்தப் புத்தகத்தைப் பாத்தே இருக்க முடியாது, அதுக்கு முந்தின வழிபாட்டு வாசகங்களும் பழைய கதைகளும்தான் அவங்களுக்கு மூலம். அதனால புத்தகத்தை வச்சு "ஜன்னல் தப்பு"ன்னு தீர்ப்பு சொல்லாதீங்க.

இன்னொரு காரணம் நிஜமாவே கட்டம் மாறியிருக்கலாம். பேனல் தனித்தனியா கழட்டுற மாதிரி இருக்குன்னு சொன்னேன்ல, அதனாலதான் 1918லயும் 1939லயும் போர் நேரத்துல எல்லாத்தையும் இறக்கி பத்திரப்படுத்த முடிஞ்சது. அதே வசதி பல நூற்றாண்டு ரிப்பேர்ல இடம் மாத்தி மாட்டவும் வழி விட்டுடுச்சு. இங்கிலாந்துல கேன்டர்பரியில பேராயர் தாமஸ் பெக்கெட்டோட அற்புதங்கள் காட்டுற ஜன்னல்கள்ல இந்தச் சிக்கல் நிறைய, 1170ல அவரைக் கோயிலுக்குள்ளேயே கொன்ன பிறகு நடந்த குணமாக்குதல்கள் அது, பழுது பாத்தவங்க துண்டுகளை இடம் மாத்தி, புதுத் தலைகளும் செஞ்சு வச்சிருக்காங்க. வரிசை எப்படி முயற்சி பண்ணாலும் வரலைன்னா கடைசியா இதைச் சந்தேகப்படுங்க. முதல்ல சந்தேகப்பட்டீங்கன்னா எல்லாமே மாறிப்போனதாத்தான் தெரியும்.

மூணாவது, நம்ம ஊர்க்காரங்களுக்கே வர்ற சிக்கல். சார்த்ரேலயும் பூர்ஜ்லயும் தோமையார் (இந்தியாவுக்கு வந்ததா சொல்ற இயேசுவோட சீடர்) ஜன்னல் இருக்கு. சென்னைக்காரங்க ஆசையா போய் மயிலாப்பூர், மயில், தென்னை மரம்னு தேடுவாங்க. எதுவும் கிடையாது. இந்திய ராஜா குண்டபோருஸ் பிரெஞ்சு ராஜா மாதிரி கிரீடம் வச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். வரைஞ்சவங்க இந்தியாவைப் பாத்ததில்ல, பாத்தது அவங்க ஊரு அரண்மனைதான். அங்க தேட வேண்டியது கதை: அரண்மனை கட்ட ராஜா கொடுத்த பணத்தைத் தோமையார் ஏழைங்களுக்குக் கொடுத்துடுறார், ஜெயில்ல போடுறாங்க, செத்துப்போன ராஜா தம்பி வானத்துல அந்த அரண்மனையைப் பாத்துட்டு உயிரோட திரும்பி வந்து சொல்றான்.

9. போட்டோ கடைசியில

வாசிச்சு முடிச்சதுக்கு அப்புறம் எடுங்க. முதல்லயே எடுத்தா கலர் நல்லா வந்த கட்டத்தை மட்டும் எடுத்துட்டு முக்கியமானதை விட்டுடுவீங்க.

முதல் படம் முழு ஜன்னல், நேர் எதிர்ல இருந்து. அப்புறம் உங்க பேப்பர் நம்பர் வரிசையில ஒவ்வொரு கட்டமா. போன் கேமரா சுத்தி இருக்கிற இருட்டுச் சுவரைப் பாத்துட்டு வெளிச்சத்தைக் கூட்டிடும், கண்ணாடி வெளுத்துப் போகும். வெளிச்சமான இடத்துல விரலை வச்சு பிரைட்னஸைக் குறைங்க, சுவர் முழுக் கறுப்பா போனா சரியா எடுத்திருக்கீங்கன்னு அர்த்தம். பிளாஷ் வேண்டவே வேண்டாம், கண்ணாடி பின்னாடி இருந்து வர்ற ஒளியில தெரியுற பொருள், முன்னாடி இருந்து அடிச்சா அழுக்கும் ஈயமும்தான் பளபளக்கும்.

வீட்டுக்கு வந்து கேள்விக்குறி போட்ட கட்டங்களைப் பெருசாக்கிப் பாருங்க, அங்கே தெரியாத கிரீடமோ மிருகமோ இங்கே தெரியும்.

10. அடுத்து எந்த ஜன்னல்

எஸ்தாக்கியார் முடிஞ்சா அதே வரிசையில நிக்கோலாஸ், 39. குட்டிக் குட்டி அற்புதங்களா இருக்கும், ஒரு கதை ரெண்டு மூணு கட்டத்துல முடிஞ்சுடும், அதனால முழு ஜன்னலும் ஒரே ஓட்டமா வரும்னு எதிர்பார்க்காம துண்டு துண்டா பிரிங்க. அதுக்கப்புறம் லூபின், கடைக்காரங்களைப் பிரிச்சுப் பழக. பீடத்தைச் சுத்தி இருக்கிற சந்தியாகப்பர் 5, பக்கத்துல பிராங்க் மன்னர் சார்லமேன் 7. இதுல சார்லமேனைக் கடைசிக்கு வைங்க. ஒரே ஜன்னல்ல மூணு தனித்தனி கதை இருக்கு, மேல் பகுதியில கட்டங்கள் வரிசை பத்தி படிச்சவங்களே ஒத்துப்போகல, அங்க போய் முதல் நாளே மாட்டிக்கிட்டு "எனக்கு இது வராது"ன்னு முடிவு பண்ணவங்க நிறைய பேர்.